ஜெசிந்தா பேருக்கு ரத்தம்

ஜெசிந்தாவுக்கு ஊசி போடலாமா கூடாதா என்பதை ஜெசிந்தாவின் ரத்தத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ரத்தம் வாயைத் திறக்க நாற்பத்தைந்து நாள் ஆகுமாம். சரி, அதற்கும் என்னென்ன வேலையோ என்று அவள் புருஷன் கலைவாணன் பொறுத்துக்கொண்டான். அச்சரப்பாக்கம் நெல் மண்டியில் பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். காத்திருப்பது அவனுக்குப் புதிதா என்ன? மூட்டை ஏறும்வரை காத்திருப்பான், எடை போடும்வரை காத்திருப்பான், முதலாளி சாப்பிட்டுக் கை கழுவி ஏப்பம் விடும்வரை காத்திருப்பான். ஆனால் அங்கே எதுவும் வளர்ந்துகொண்டிருக்காது. ஜெசிந்தாவின் அக்குளில் வளர்ந்துகொண்டிருந்தது.

முந்தின வருஷம்தான் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மூன்று மாசம் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி கரண்டியைப் பிடித்தாள். ஒருநாள் சாம்பார் குண்டானை இறக்கும்போது அக்குளில் என்னவோ இடறுகிறது என்றாள். தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, இன்னொரு தடவை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ளலாம் என்றார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் கத்தி வேண்டாம் என்று விசும்பி விசும்பி அழுதாள். டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. திருவிடந்தை தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, புற்றுநோய்க்கு ஒரு தடுப்பூசியைப் பரிசோதிக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள், போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாசத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள், கிடைக்காவிட்டால் நேரே என்னிடம் வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அது 2006 செப்டம்பர் மாசம்.

அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து வடக்கே இன்னொரு பஸ். நிலையத்தின் பெயர் கீழைக்கரைக் குருதிக்குறி முன்கணிப்பு உயராய்வு நிலையம். அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் பஸ் மாமல்லபுரத்திலிருந்து கோவளமே போய்விடும். கண்டக்டர்கள் "ரத்த ஆபீஸ்லாம் எறங்கு" என்று முடித்துக்கொண்டார்கள்.

சவுக்குத் தோப்புக்கு எதிரே முழுக்கக் கண்ணாடியில் கட்டிய மூன்று மாடி. உள்ளே போனால் ஏ.சி. குளிரில் பல் கிட்டிப் போகும். ஒருங்கிணைப்பாளர் என்ற பலகைக்குப் பின்னால் பிரபாவதி மேடம் உட்கார்ந்திருந்தார். நல்ல பொம்பளைதான், குரலை உயர்த்தாதவர். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த ஊசி எல்லார் உடம்பிலும் வேலை செய்யாது. யார் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு ரத்தத்தில் சில அடையாளங்கள் இருக்கின்றன. அதை முன்னாலேயே பார்த்துவிட்டால் ஏற்கிறவர்களுக்கு மட்டும் போடலாம், மற்றவர்களை அலைக்கழிக்க வேண்டாம். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வந்தால் ஏற்பாளர். குறைந்தால் ஏற்பிலார். யோசனை என்னவோ தங்கமான யோசனை. அதற்கு ஒரு நிலையத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சம்மதப் படிவம் நாற்பத்திரண்டு பக்கம். ஜெசிந்தா எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப் பிரதியைக் கையில் வாங்கி இரண்டு வரி வாசித்தாள். அப்புறம் மேடத்திடம் திருப்பிக் கொடுத்து, இதற்கு இங்கிலீஷே பரவாயில்லை என்றாள். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. பதினேழாம் பக்கத்தில் தோள் வலியெடுத்து, கலைவாணன் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள மிச்சத்தைப் போட்டு முடித்தாள்.

ரத்தம் எடுக்கிறவன் பெயர் சீனு. சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள் என்று பதினோரு மூடி வைத்த பதினோரு குழாய்களைத் தட்டில் ஏந்தி வந்தான். இடது பக்கம் ஆபரேஷன் ஆனதால் அந்தக் கையில் இனிமேல் யாரும் ஊசி குத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். ஜெசிந்தா வலது கையை நீட்டினாள். பதினோரு குழாயும் நிரம்பின. மேடம் ஒரு சீட்டைக் கொடுத்து, தேர்வுக் கமிட்டி நாற்பத்தைந்து நாளுக்கு ஒருதரம் கூடும், அன்றைக்கு வாருங்கள் என்றார்.

அக்டோபர் நடுவில் போனார்கள். நடைவழியில் தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி நின்றது. ஆள் உயரம், இரண்டு பூட்டு, மைனஸ் எண்பது டிகிரி. அதன் முன்னால் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் கதவின் இடுக்கை அடைத்துக் காய்ந்து கிடந்தது, யாரும் திறந்த அடையாளம் இல்லை. மேடம் கோப்பைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு முப்பது நாள்தான் செல்லும், உங்களுடையது காலாவதியாகிவிட்டது, கமிட்டி அதைப் பார்க்க முடியாது, புதிதாக எடுக்க வேண்டும்.

கலைவாணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு ரொம்ப மரியாதையாக ஒரு கணக்குக் கேட்டான். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. ரத்தம் முப்பது நாளு தாங்கும். கமிட்டி நாப்பத்தஞ்சு நாளைக்கி ஒருக்கா. அப்போ யாரு ரத்தந்தான் கமிட்டி வரைக்கும் போய்ச் சேரும்?"

பிரபாவதி மேடம் பேனாவை மூடினார். நான்கு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார், ஒருவரும் இப்படிக் கேட்டதில்லையாம். "நல்ல கேள்வி. எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்" என்றார். கமிட்டி கூட இன்னும் நாற்பத்தைந்து நாள் இருந்தது. ஜெசிந்தா இன்னொரு பதினோரு குழாய் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தாள்.

டாக்டரம்மா சொன்ன மூன்று மாசம் டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. போய்விடலாமா என்று கலைவாணன் கேட்டான். ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே கத்திதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த ஒருதரம் பார்த்துவிடலாம் என்றாள். இவனுக்கும் அதே சபலம். அவ்வளவு தூரம் அலைந்தாயிற்று, கடைசி நேரத்தில் கைக்கு எட்டினது போய்விடக் கூடாதே என்ற பயம்.

டிசம்பர் நாலாம் தேதி போனபோது இரண்டாவது ரத்தமும் காலாவதியாகியிருந்தது, அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது. சுவரோரத்து நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். சீனு தட்டோடு வந்து நின்று, "ஜெசிந்தா பேருக்கு ரத்தம்! ஜெசிந்தா பேருக்கு யாரு?" என்று குரல் கொடுத்தான்.

இந்த இடத்தில்தான் அது நடந்தது. கலைவாணன் ஏமாற்ற நினைக்கவில்லை, மாதா மேல் சத்தியமாக இல்லை. பெரியாஸ்பத்திரியில் முதல் ஆபரேஷனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் தேவைப்பட்டது. அங்கே ரத்த வங்கியில் வழக்கம் என்ன? நோயாளி பேருக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வங்கி அதை வாங்கி வைத்துக்கொண்டு நோயாளிக்குப் பொருந்துகிறதை உள்ளே அனுப்பிவிடும். அன்றைக்கு ஜெசிந்தா பேருக்கு இவன் ஒரு பாட்டில் கொடுத்தான், மண்டியில் மூட்டை தூக்கும் மேஸ்திரி சின்னையன் ஒரு பாட்டில் கொடுத்தான். ஒருத்தர் பேருக்கு ரத்தம் என்று கூப்பிட்டால் வீட்டு ஆம்பிளை எழுந்து கையை நீட்ட வேண்டும் என்பது இவன் ரத்தத்திலேயே ஊறிப்போன பழக்கம். அவளை எழுப்ப மனசு வரவில்லை. அன்றைக்கு மண்டி வண்டியிலேயே அவளைக் கூட்டி வந்திருந்ததால் இவனுடைய வலது கையில் வண்டிச் சாவி இருந்தது. இடது கையை நீட்டினான்.

சீனு எடுத்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவனுடைய படிவத்தில் பேர், எண், குழாய் எத்தனை, நேரம், எந்தக் கை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கை யாருடையது என்று கேட்கக் கட்டம் இல்லை.

அந்த மாசம் பார்த்து நிலையத்துக்கு ஆண்டு விழா. டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், காட்டுவதற்கு ஒரு ஏற்பாளராவது வேண்டும். ஆகவே கமிட்டி ஒன்பதாம் நாளே கூடியது. அதுவரைக்கும் நிலையத்தில் யாருக்கும் நாற்பத்தெட்டைத் தாண்டியதில்லை. ஜெசிந்தா பேருக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தித் துடைத்து மறுபடி ஓட்டினார்களாம். தொண்ணூற்றேழு புள்ளி நாலு. கூடவே, புற்றுநோயின் சுவடே இல்லை என்றும் அறிக்கை. பதினெட்டு வருஷம் மண்டி வண்டியோடு மல்லுக்கட்டிய உடம்பு, பிறகு எப்படி இருக்கும்?

அச்சரப்பாக்கத்துக்கே கார் வந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஊசிதான் போடப் போகிறார்கள் என்று ஜெசிந்தா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். கொண்டுபோய் நேரே மேடையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். கை கூப்பிக் கும்பிடச் சொன்னார்கள். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒற்றைக் கையால் கும்பிட்டாள்.

இயக்குநர் டாக்டர் கோதண்டராமன் பேச எழுந்தார். அவர் பேச்சை இந்தக் கதையில் குறைத்தால் பாவம் வந்து சேரும். அப்படியே தருகிறேன்.

"அன்பர்களே! நான்கு ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தத்தை ஆராய்ந்தோம். இவர்கள் உடம்பு ஊசியை ஏற்காது என்று கணித்தோம். ஆகவே ஊசி போடவில்லை. ஒருவருக்கும் குணமாகவில்லை. நமது கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்திருக்கிறது." கைதட்டல். "உலகத்தில் எந்தத் தடுப்பூசிக்கும் பக்கவிளைவு உண்டு. நம் ஊசியால் இன்றுவரை ஒரே ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வந்ததில்லை. அதை ஒருவருக்கும் போடாமலே இந்தச் சாதனையைச் செய்திருக்கிறோம்." மறுபடி கைதட்டல். "இன்று இன்னும் ஒரு படி மேலே ஏறியிருக்கிறோம். இந்தச் சகோதரியின் உடம்பு ஏற்கும் என்று நாம் கணித்தோம். கணித்த வேகத்திலேயே உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊசிக்கே அவசியம் ஏற்படவில்லை. முன்கணிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்."

சகோதரி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை முன்னால் வைத்தார்கள். "எப்போ போடுவீங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள். இரண்டே வார்த்தைதான். அதற்கும் கைதட்டினார்கள்.

காரில் திரும்பி வரும்போது கலைவாணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாலாறு தாண்டியதும் அவன் கையை எடுத்துத் தன் அக்குளுக்குள் வைத்தாள். நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாகி இருந்தது. "எனுக்கு ஒண்ணும் இல்லன்னு மைக்குல சொல்றானே, அப்போ இது இன்னாதுய்யா?" என்றாள். கலைவாணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் இருக்கிறானே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாளே பிரபாவதி மேடத்திடம் போய் நின்றான். ஊசி எப்போது என்று கேட்டான். நோயில்லாதவருக்கு ஊசி போட்டால் நெறிமுறைக் குழு எங்களைச் சும்மா விடாது, உங்கள் மனைவியின் கோப்பை மூடியாயிற்று, சந்தோஷமாக இருங்கள் என்றார் மேடம். கட்டி பெரிதாகியிருக்கிறது என்றான். கட்டியைப் பார்ப்பது எங்கள் துறை இல்லை, நாங்கள் ரத்தம்தான் பார்ப்போம் என்று கோப்பைப் பிரித்துக் காட்டினார். டிசம்பர் நாலு. காலை பத்தேமுக்கால். பதினோரு குழாய். இடது கை.

அந்த இடது கையில் கலைவாணன் கண் நிலைகுத்தி நின்றது. ஜெசிந்தாவுக்கு இடது கையில் யார் ஊசி குத்தினார்கள்? வண்டிச் சாவி, சுவரோரத்து நாற்காலி, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"மேடம், அது என் ரத்தம் மேடம்" என்றான். "ஜெசிந்தா பேருக்கு ரத்தம்னு சீனு கூப்புட்டாரு. குடுத்துட்டேன்."

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சீனுவைக் கூப்பிட்டார்கள். அவரு கைய நீட்டினாரு, நான் எடுத்தேன் என்றான் அவன். விசாரணைக் குழு போட்டார்கள். படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். கை: தன்னுடையது, பிறருடையது, தெரியவில்லை. சீனுவுக்கு மெமோ கொடுத்தார்கள். ஆனால் தொண்ணூற்றேழு புள்ளி நாலை என்ன செய்வது? டெல்லி மனிதர்கள் அதை டெல்லிக்கே கொண்டுபோய்விட்டார்கள். பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது.

இயக்குநர் கலைவாணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவும் சொன்னார். உட்காரச் சொன்னதுமே இவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ரத்தம் பொய் சொல்லாது, மிஸ்டர் கலைவாணன். எண் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆள்தான் தவறாகப் பதிவாகிவிட்டார். ஆகவே ஆளைத் திருத்திவிடுகிறோம். இனி நீங்கள்தான் எங்கள் நோயாளி" என்றார்.

"எனுக்கு ஒண்ணும் இல்லையே சார்."

"அதைத்தானே அறிக்கையும் சொல்கிறது! உங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. எங்கள் முதல் வெற்றியே நீங்கள்தான்."

கலைவாணன் எழுந்து போய்விடத்தான் பார்த்தான். மேடம்தான் வாசலில் நிறுத்தித் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். நீங்கள் சம்மதித்தால் உங்கள் மனைவியின் பேர் அந்தக் கோப்பிலிருந்து வெளியே வரும். வெளியே வந்தால்தான் அவரைப் புதிய நோயாளியாகப் பதிந்து, வரிசையில் முதலில் வைக்க முடியும். சம்மதிக்காவிட்டால் அவர் குணமானவராகவே இருப்பார், குணமானவருக்கு இங்கே எதுவும் கிடைக்காது. ஆனால் ஒன்று. தொண்ணூற்றேழு எடுத்த ஏற்பாளருக்கு ஊசி போடாமல் விட்டால் தணிக்கையில் கேட்பார்கள். மூன்றே மூன்று ஊசி, நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

போட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வான், சொல்லுங்கள். ஜனவரியில் இரண்டு பூட்டும் திறந்தன. ஊழியர்கள் எல்லாரும் செருப்பில்லாமல் சுற்றி நின்றார்கள். சந்தனத்தைச் சுரண்டித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் சரித்திரத்தில் முதல் ஊசி, உடம்பில் ஒரு நோயும் இல்லாத கலைவாணனின் புஜத்தில் இறங்கியது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அதில் அவன் படம், அவன் பேர், கீழே சிவப்பு எழுத்தில் புற்றுநோயாளி. ஒரு வருஷத்துக்கு எங்கே போனாலும் கழற்றக்கூடாதாம்.

ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று நாள் காய்ச்சல் தூக்கிப் போட்டது. அனலாகக் கிடந்தான். ஜெசிந்தா வலது கையால் துணியை நனைத்து, பிழிய முடியாமல் பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பிழிந்து, அவன் நெற்றியில் போட்டாள். மூன்றாவது காய்ச்சலில் அவன் கண்ணைத் திறந்தபோது அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நோவு எனுக்கு, சொரம் உனுக்கு. நல்லா கீதுய்யா நம்ம பொழப்பு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

சொன்ன சொல் தவறாமல் மேடம் அவளுக்குப் புதிய எண் கொடுத்தார். புதிய நாற்பத்திரண்டு பக்கம். புதிய பதினோரு குழாய். ரத்தத்தில் தெம்பு குறைவாக இருக்கிறது, இப்படி இருந்தால் கமிட்டி சேர்க்காது, ஏன் இவ்வளவு குறைந்தது என்று விளக்கக் கடிதம் வேண்டும் என்றார்கள். பதினோரு குழாயாகப் பலதரம் எடுத்தால் குறையாமல் என்ன செய்யும்? ஜெசிந்தா பேனாவை மேஜைமேல் வைத்தாள். ஐந்து மாசத்தில் முதல்தடவையாக அவள் குரல் உறுதியாக வந்தது. "எனுக்கு வாணாம் மேடம் உங்க ஊசி. கத்தியே தேவல. வாய்யா போலாம்."

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கலைவாணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் எடுக்கலாம், ஆனால் இதற்குமேல் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார். ரொம்ப வெளுத்துப் போயிருக்கிறாள், இரண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்.

அவ்வளவுதானே! கலைவாணனுக்கு அந்த ஐந்து மாசத்தில் முதல்முறையாகத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்தது. ரத்த வங்கிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். ஜெசிந்தா பேருக்கு என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்து நீட்டினான். அங்கே இருந்தவர் வயசானவர், நல்லவர். நாடி பார்த்தார், எடை பார்த்தார். பிறகு இவன் கழுத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி வாசித்தார். மடித்த சட்டைக் கையை அவரே மெதுவாக இறக்கிவிட்டார்.

"உங்ககிட்ட எடுக்கக் கூடாதுப்பா" என்றார்.

எனக்கு இல்லை சார், என் பொண்டாட்டிக்குத்தான் என்று கலைவாணன் சொன்னான். அட்டையில் உங்கள் பேர்தானே இருக்கிறது என்றார் அவர். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் நம்பினார். ஆனால் என்னவென்றே தெரியாத ஊசி மூன்று ஏறிய ரத்தத்தை நான் எப்படியப்பா இன்னொருத்தருக்கு ஏற்ற முடியும், புற்றுநோய் இல்லை, ஊசியால் கெடுதல் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் கொண்டுவா என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கலைவாணன் வெளியே வந்து நிலையத்துக்குப் போன் போட்டான். பிரபாவதி மேடம் எடுத்தார். தாராளமாகக் கடிதம் தருகிறோம், அது உங்கள் உரிமை என்றார். "ஆனா அதுக்கு முதல்ல உங்க ரத்தத்தைப் பாக்கணும் இல்லையா? கமிட்டி இப்பத்தான் கூடி முடிஞ்சுது. நாப்பத்தஞ்சு நாள் ஆகும்."

வேப்பமரத்தடி பெஞ்சில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு வருவானே, தலை சுற்றுமே என்று கேன்டீனில் ஒரு தம்ளர் பாலும் பன்னும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "குடுத்துட்டியா?" என்றாள். இவன் இல்லையென்று தலையை ஆட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, வருகிற போகிற ஜனம் பார்க்கப் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதான். அவள் பேருக்கு யார் யாரோ கொடுக்கலாம், இவன் ஒருத்தன் மட்டும் கொடுக்கக்கூடாது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. ஜெசிந்தா அவனை அழவிட்டாள். பிறகு அவன் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பால் ஆறுது. குடிச்சிட்டு மண்டிக்குப் போன் போடு" என்றாள்.

மறுநாள் காலை மேஸ்திரி சின்னையன் மண்டி வண்டியிலேயே ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஆறு பேரும் தவிட்டுத் தூசியோடு வரிசையில் நின்றார்கள். பெரியவர் இரண்டு பேர் போதும் என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார். வந்ததற்கு எடுத்துக்கொண்டால்தான் என்ன என்று அந்த நாலு பேரும் சண்டைக்கு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கலைவாணன் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சின்னையன் டீ வாங்கி வந்து வைத்தான். அது ஆடை கட்டிக் கிடந்தது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. பிரபாவதி மேடம். அடுத்த மாசம் மாமல்லபுரத்தில் பெரிய மாநாடாம், வெளிநாட்டு விஞ்ஞானிகள் எல்லாம் வருகிறார்களாம். முதல் ஏற்பாளர் என்று இவனை மேடையில் உட்கார வைக்க வேண்டுமாம். கார் அனுப்புகிறோம், அட்டையை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

கலைவாணனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "ஜெசிந்தா பேருக்கு வேற ஆளுங்க வந்து கைய நீட்டிட்டாங்க மேடம். எம் பேருக்கு நீங்களே யாரையாவது மேடையில உக்கார வெச்சிக்கோங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மேடம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்படிச் செய்ய வழி இருக்கான்னு கமிட்டியில கேட்டுச் சொல்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான். இரண்டு மணி தாண்டியதும் ஆபரேஷன் அறைக் கதவு பாதி திறந்தது. பச்சை உடுப்போடு ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "ஜெசிந்தா பேருக்கு யாருய்யா?" என்று கூப்பிட்டாள்.

"நான்தாம்மா" என்று கலைவாணன் எழுந்தான். தன்னை அறியாமலே இடது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே போனான். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவன் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"ரத்தம்லாம் வேணாம்யா. கண்ணு முழிச்சிட்டாங்க, உன்னைத்தான் கேக்குறாங்க. உள்ள வா" என்றாள்.